ஷ்யாமளா வீட்டு கராஜில் மூன்று குழல்கள்

ஷ்யாமளா வீட்டு கராஜில் கஞ்சா காய்ச்சுகிறார்கள் என்ற செய்தி சான்டா கிளாராவில் புறப்பட்டு, டெக்சாஸ் பிளானோவில் இருக்கும் அவளுடைய நாத்தனார் வரைக்கும் போய், அந்த வாரமே அவள் போனுக்குத் திரும்பி வந்துவிட்டது. போன வழியெல்லாம் செய்தி நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். திரும்பும்போது உடம்பு போட்டிருந்தது. பெரிய பெரிய கேஸ் சிலிண்டராம். கண்ணாடிக் குழாய்களாம். முகமூடி போட்ட இரண்டு ஆட்கள் வேறு ராத்திரியில் வந்து போகிறார்களாம்.

வதந்தி என்றால் சரிபார்த்துவிடுவது நல்லது. சரிபார்த்த வரையில், சிலிண்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் டார்ச் லைட்டர், நீலச் சுவாலை சீறுகிற வகை. முகமூடி ஆட்கள் பட்டப்பகலில் வாட்டர் ஹீட்டர் மாற்ற வந்தவர்கள். காய்ச்சவில்லை, சூடுதான் காட்டினார்கள். காட்டினார்கள் என்ற பன்மையும் தப்பு, காட்டியது ஷ்யாமளா ஒருத்திதான். மற்றபடி கஞ்சா என்பது உண்மை.

செய்தி யாரிடமிருந்து புறப்பட்டது என்பதும் ரகசியமில்லை. இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் முன்வாசல் அமேசான்காரருக்கு மட்டுமே. மனிதர்கள் கராஜ் வழியாகத்தான் வருவார்கள், அங்கேயே செருப்பைக் கழற்றுவார்கள். ஷ்யாமளா வீட்டில் மாதாமாதம் ஒரு சனிக்கிழமை பஜனை. போன மாதம் சுண்டல் முடிந்து எல்லோரும் கிளம்பியபோது பஜனைக் குழுவின் செயலாளர் பத்மநாபன் தன் இடது கால் ஷூவைத் தேடினார். ஷூ அலமாரிக்கு அடியில் இருந்தது. அலமாரியின் மேல்தட்டில் மூன்று குழல்கள் இருந்தன.

ஷ்யாமளா நங்கநல்லூர்க்காரி. பல வருடங்களாக வயர் கனெக்டர் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். ஒரு பொருளைச் சூடாக்கி, ஆற்றி, ஆட்டி, உலுக்கி, அது எப்போது உடையும் என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். வீட்டுக்கு வந்த மிக்ஸியிலிருந்து மாப்பிள்ளை வரைக்கும் அந்தப் பரிசோதனைக்குத் தப்பியதில்லை. இரண்டு வருடம் முன்பு அவளுக்கு அக்கி வந்தது. கொப்புளம் ஆறிவிட்டது, நரம்பு ஆறவில்லை. விலாவில் சட்டை உரசினாலே சுள்ளென்று இழுக்கும். கொடுத்த மாத்திரைகளில் வலி குறைந்ததோ இல்லையோ, ஆபீஸ் மீட்டிங்கில் தலை மேஜையில் இடித்தது. கடைசியில் டாக்டர், "வேணும்னா அதை ட்ரை பண்ணிப் பார்க்கலாம், ஆனா புகை வேண்டாம்" என்றார்.

கலிஃபோர்னியாவில் அதற்குக் கடை இருக்கிறது. கடையில் அதை மூலிகை என்கிறார்கள். ஷ்யாமளா கணவன் மகாதேவனிடம், "மூலிகையாம். வெண்டைக்காயை லேடீஸ் ஃபிங்கர்னு சொன்னா வழவழப்பு போயிடுமா? கஞ்சான்னே சொல்லுங்க" என்றாள்.

"மெதுவா சொல்லு, ஜன்னல் திறந்திருக்கு" என்றார் மகாதேவன்.

கொளுத்தாமல் சூடாக்கி ஆவியை மட்டும் இழுப்பதற்குக் கையடக்கக் கருவிகள் உண்டு. பாட்டரி வைத்தது ஒன்றை முதலில் வாங்கினாள். அது ஆப் இறக்கச் சொன்னது, ஈமெயில் கேட்டது, பிறந்த தேதி கேட்டது. திருப்பி அனுப்பிவிட்டாள். பிறகு, நெருப்பைக் கையால் காட்டிச் சூடாக்கும் குழல்களில் மூன்று வகை வரவழைத்து, வேலையில் எப்படியோ அப்படியே உட்கார்ந்து ஒப்பிட்டாள். பழகுவதற்கு, தோட்டத்துப் புதினாவைக் காயவைத்து நொறுக்கி அடைத்துக்கொண்டாள்.

முதலாவது எஃகுக் குழல். நுனியில் ஒரு மூடி. சுவாலையில் விரலால் உருட்டிக்கொண்டே காட்டினால், சூடு சரியானதும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். உடனே நெருப்பை எடுத்துவிட வேண்டும். ஆறினால் இன்னொரு டிக். அது வருவதற்குள் அவசரப்பட்டு மறுபடி காட்டினால் கருகிவிடும். மூடியின் நுனியில் காட்டினால் மிதம், அடியில் காட்டினால் முரடு. இரண்டாவது மர உறை போட்ட கண்ணாடிக் குழல். ருசி அதில்தான். ஆனால் டிக்கும் கிடையாது டக்கும் கிடையாது. வாசனையையும் நிறத்தையும் பார்த்து நாமே நிறுத்த வேண்டும், கொஞ்சம் அசந்தால் கரி. மூன்றாவது கனத்த கட்டை. அதன் தலையில் இருக்கும் உலோகக் குண்டுகளைச் சூடாக்கினால், இழுக்கும் காற்று சூடாகி உள்ளே போய்ச் சீராக வதக்கும். சூடேற நேரமாகும், ஆற அதைவிட நேரமாகும், பொறுமை இல்லாதவன் விரலைச் சுட்டுக்கொள்வான்.

அவளுடைய தீர்ப்பு: தினத்துக்கு எஃகு, ஞாயிற்றுக்கிழமைக்குக் கண்ணாடி, கனத்த கட்டை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. வலி போய்விடவில்லை. பக்கத்து ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அதுவே அவளுக்குப் போதும், தூங்கினாள்.

வதந்தி திரும்பி வந்ததும் மகாதேவன், "எதுக்கு வம்பு, மேல கப்போர்டுல வச்சுடேன்" என்றார். நியூ ஜெர்ஸியிலிருந்து மகள் மாளவிகா, "அம்மா, இட்ஸ் லீகல். ஹூ கேர்ஸ்?" என்றாள். ஷ்யாமளா கப்போர்டில் வைக்கவில்லை. மேல்தட்டிலிருந்து எடுத்து, ஷூ கழற்றுபவர் கண்ணுக்கு நேராக, நடுத்தட்டில் வரிசையாக வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்மநாபன் வந்தார். கூடவே ரோஷினி. குழுவில் நன்றாகப் பாடுகிற சின்னப் பெண், கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் வரிசையில் நிற்பவள். அவள் கராஜ் வாசல் கோட்டுக்கு வெளியே, டிரைவ்வேயிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாம்மா" என்றாள் ஷ்யாமளா.

"இல்ல ஆன்ட்டி. கலிஃபோர்னியால சரி, ஆனா ஃபெடரல் சட்டத்துல இது இன்னும் தப்புதான். நாளைக்கு கிரீன் கார்டு இன்டர்வியூல கேட்டா, நான் பார்க்கவே இல்லைன்னு சொல்லணும்."

"அப்ப திரும்பி நில்லு. இப்பவே பார்த்துட்டியே."

ரோஷினி நிஜமாகவே திரும்பித் தெருவைப் பார்த்து நின்றாள்.

பத்மநாபன் தொண்டையைக் கனைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. குரூப்ல நிறையப் பேர் கிரீன் கார்டு இல்லாதவங்க. இந்த மாதிரி ஐட்டம் இருக்கிற வீட்ல உட்கார்ந்தாலே ரிஸ்க்னு ஃபீல் பண்றாங்க. நீங்க இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டா பஜனை இங்கயே தொடரும். இல்லைன்னா எங்க வீட்டுக்கு மாத்திடலாம்னு கமிட்டி..."

"கமிட்டின்னா யாரு?"

"நான்தான்."

ஷ்யாமளா சிரிக்கவில்லை. பஜனையை அந்த வீட்டில் ஆரம்பித்தவள் அவள். அக்கி வந்து படுத்த மாதத்தில்கூடக் கைதட்ட முடியாமல் தொடையில் தாளம் போட்டுப் பாடியிருக்கிறாள். அந்தச் சனிக்கிழமைதான் அவளுக்கு இந்த ஊர். அது போனால் மிச்சம் ஃப்ரீவேதான்.

"பத்மநாபன், நான் விலாவைப் பிடிச்சுக்கிட்டுப் பாடினேன் ரெண்டு வருஷம். என்னன்னு ஒருத்தர் கேட்டீங்களா? இப்ப வலி குறைஞ்சதும் கமிட்டி போடறீங்க. உங்க வீட்ல சாமி ரூமுக்கு எதிர்ல கண்ணாடி அலமாரில லைட் போட்டு ஸ்காட்ச் அடுக்கியிருக்கே, போன தீபாவளிக்கு அதுக்குக் கீழதானே உட்கார்ந்து பாடினோம்?"

"அது வேற."

"எப்படி வேற?"

பத்மநாபன் கொஞ்சம் யோசித்தார். "அது ட்யூட்டி ஃப்ரீ."

டிரைவ்வேயில் ரோஷினியின் தோள் குலுங்கியது.

ஷ்யாமளா எஃகுக் குழலில் புதினாவை அடைத்தாள். "எதைத் தூக்கிப் போடச் சொல்றீங்கன்னு பார்த்துட்டுச் சொல்லுங்க." லைட்டர் சீறியது. டிக். புதினா வாசம் வந்தது, புகை வரவில்லை. பத்மநாபனும் இன்ஜினியர்தான். அந்த டிக் அவரைக் கெடுத்துவிட்டது.

"உள்ள ரெண்டு உலோகம் ஒட்டின பைமெட்டல் தகடா?" என்று குனிந்தார். "அப்ப ஸ்பிரிங் வேண்டியதில்ல. இது? கண்ணாடியா? இதுல டெம்பரேச்சர் எப்படித் தெரியும்?"

"தெரியாது. சாம்பார்ல உப்பு எப்படித் தெரியும்?"

"இல்ல இல்ல, குழலோட சுவர்ல தொட்டு வர சூடு வேற, காத்துல வர சூடு வேற. டார்ச்சை இப்படி அரை இன்ச் தள்ளிப் பிடிச்சா..." என்று அவரே வாங்கிப் பிடித்தார். பிடித்துக் காட்டியவர், எந்தப் பக்கம் சூடு என்பதை விரலால் கண்டுபிடித்தார். கண்ணாடிக் குழல் சிமெண்ட் தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது.

மகாதேவன் உள்ளேயிருந்து துடைப்பத்தோடு வந்து, கூட்டிவிட்டு, உள்ளே போனார்.

"எவ்வளவு ஆச்சு, ஜெல் ஆப்ல பணம் அனுப்பிடறேன்" என்றார் பத்மநாபன், விரலை ஊதிக்கொண்டே.

"காசு வேண்டாம். புதுசு ஒண்ணு ஆர்டர் பண்ணிக் கொடுங்க. உங்க பேர்ல. உங்க வீட்டு அட்ரஸ்க்கு."

அவர் முகம் போன போக்கை ரோஷினி பார்த்திருக்க முடியாது, திரும்பித்தான் நின்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் ஷ்யாமளா எழுதினாள்: சனிக்கிழமை வழக்கம்போல எங்கள் வீட்டில். கராஜ் வழியாக வரவும். அலமாரி அங்கேயே இருக்கும். பயப்படுகிறவர்கள் வர வேண்டாம், கோபமில்லை. வருகிறவர்கள் சுண்டலுக்குத் தேங்காய் கொண்டு வரவும்.

அடுத்த நிமிஷம் பத்மநாபன் எழுதினார்: அதே நாள், அதே நேரம், எங்கள் வீட்டில்.

சனிக்கிழமை பாதிப் பேர்தான் வந்தார்கள். தேங்காய் தேவைக்குமேல் வந்தது. இரண்டாவது பாட்டு நடக்கும்போது அழைப்பு மணி அடித்தது. அந்த வீட்டின் முன்வாசலில் ஒரு தமிழர் மணியடித்தது அதுதான் முதல்முறை என்பதால், எல்லோரும் பார்சல் என்று நினைத்தார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரோஷினி நின்றிருந்தாள்.

"கார்டு வர வரைக்கும் இந்தப் பக்கமா வரேன் ஆன்ட்டி. கராஜ் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"தெரிய வேண்டாம். உட்கார்ந்து பாடு."

அதற்கடுத்த மாதம் பத்மநாபன் வீட்டில் ஆறு பேர், அதில் நான்கு பேர் அவர் குடும்பம். அதற்கும் அடுத்த மாதம் ஷ்யாமளா வீட்டு டிரைவ்வேயில் அவருடைய வண்டி வந்து நின்றது. இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"உள்ள வாங்க, ஆரம்பிக்கப் போறோம்" என்றாள் ஷ்யாமளா.

"வரேன். அந்த டியூப்... ஆபீஸ் அட்ரஸ் போட்டா ஓகேவா?"

"வீட்டு அட்ரஸ்."

"மகாதேவன் பேர்ல போட்டு, காசு நான்..."

"உங்க பேர்ல."

அவர் பெருமூச்சு விட்டு வண்டியை அணைத்தார், கராஜ் வழியாகவே வந்தார், ஷூவைக் கழற்றினார், பாடினார், சுண்டலும் சாப்பிட்டார். கண்ணாடிக் குழல் இன்னும் வரவில்லை. ஆர்டர் அவருடைய போனில், கடைசிப் பட்டனுக்கு முன்னால், அப்படியே நிற்பதாகக் கேள்வி.