தட்டிக்கு அந்தப் பக்கம் லத்தீன்

திண்டிவனத்தில் எங்கள் பழைய பள்ளியின் ஆசிரியர் குழு ஒரு மாலையில் கூடி, விளக்கு வைக்கும் நேரம் வரை விவாதித்து, காலஞ்சென்ற லத்தீன் ஆசிரியர் அருளப்பர் அவர்களின் படத்தைக் கடிகாரத்துக்கு இடப்புறம் அல்ல, வலப்புறம் மாட்டுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. இடப்புறத்துக்காக வாதாடிய டிரில் மாஸ்டர் பள்ளியின் நலனைக் கருதித் தம் கருத்தை விட்டுக்கொடுத்தார் என்று அறிகிறேன். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு அந்தப் பள்ளியில் எடுக்கப்பட்ட பெரிய முடிவு இதுதான். ஆணியும் அடித்தாகிவிட்டது.

இரண்டாவது தீர்மானம், நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்பது. அருளப்பரை அருகிலிருந்து அறிந்தவன் என்று என்னைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது உண்மை. அவர் லத்தீன் நடத்திய அறைக்கும் நான் கணக்கு நடத்திய அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு மூங்கில் தட்டி. அதில் ஒரு கண் வைக்கும் அளவுக்கு ஓர் ஓட்டையும் இருந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவர் பள்ளிப் பியூன் ராயப்பன். நான் இப்போது விழுப்புரத்தில் இருப்பதால் ரயிலேறி வந்திருந்தார்.

"லத்தீன் வாத்தியாரு பூட்டாருங்க சார். நீங்க தாங்கமாட்டீங்க, பக்குவமா சொல்லுன்னு ஹெட்மாஸ்டர் சொல்லி அனுப்பினாரு."

"பக்குவமாகத்தான் சொன்னாய்" என்றேன்.

"இன்னா சார், மல்லாட்டை துண்ணுக்கினு இருக்கீங்க?"

அவருக்கும் ஒரு பிடி வேர்க்கடலை கொடுத்தேன். இருவரும் உரித்துத் தின்றபடி அருளப்பரைப் பற்றிப் பேசினோம். நல்லதாக ஏதாவது நினைவுக்கு வருகிறதா என்று கேட்டேன். ராயப்பன் நெடுநேரம் யோசித்து, "மணி அடிச்சா கரெக்டா வெளிய வந்துடுவாருங்க" என்றார். இதை நான் மறுக்கவில்லை.

அஞ்சலியில் நேர்மை வேண்டும். அருளப்பருடைய லத்தீன் பிழையற்றது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் பாடும்போது அர்த்தம் தெரியாதவர்கள்கூட ஏதோ தவறு செய்துவிட்டதாக உணர்ந்து தலைகுனிவார்கள். இளம் வயதில் பாண்டிச்சேரிக்குக் குருப்பட்டத்துக்குப் படிக்கப் போய், உடல்நிலை காரணமாகத் திரும்பியவர். அதன் பிறகு அவர் வாழ்க்கையின் வேலை, அங்கே போகத் தகுதியான பையன்களைத் தயார் செய்வது. இன்னும் முக்கியமான வேலை, தகுதியில்லாதவர்கள் என்று அவர் கருதியவர்களைத் தடுத்து நிறுத்துவது. இரண்டிலும் அவர் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை.

ஒரு முறை ஆசிரியர்கள் அறையில் இருந்த பூகோள உருண்டையைத் தட்டிவிட்டு உடைத்தார். தலைமையாசிரியர் வந்து கேட்டபோது, "உருண்டை உடைக்கப்பட்டிருக்கிறது" என்றார். யாரால் என்று சொல்லவில்லை. அதே வருஷம் ஆண்டு விழாவில் பேசும்போது, "இந்தப் பள்ளியில் லத்தீனை நான் நட்டேன், நான் வளர்த்தேன், நான் காத்தேன்" என்றார். செய்வினையும் செயப்பாட்டுவினையும் எங்கெங்கே பயன்படும் என்பதை அவரைப் போல அறிந்தவர் இல்லை.

அவருடைய வகுப்பில் இரண்டே பெஞ்சுகள். சன்னலோரம் ஊர்ப் பையன்கள், சுவரோரம் சேரிப் பையன்கள். கோயிலில் எப்படியோ வகுப்பிலும் அப்படியே. இதை அவர் கண்டுபிடிக்கவில்லை, கோயிலிலிருந்து எடுத்துவந்தார். அவர் கண்டுபிடித்தது, அந்த இரண்டு பெஞ்சுகளையும் எதிரெதிராகத் திருப்பிப் போட்டு ஒன்றுக்குச் செய்வினை பெஞ்சு, மற்றதற்குச் செயப்பாட்டுவினை பெஞ்சு என்று பெயர் வைத்ததுதான்.

லத்தீன் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மொழியில் ஒரே சொல்லின் வாலை மாற்றினால் செய்பவன் படுபவன் ஆகிவிடுவான். வெர்பெரோ என்றால் அடிக்கிறேன். வெர்பெரோர் என்றால் அடிக்கப்படுகிறேன். பாடநூல் அன்பு செய்தல் என்ற வினையில் தொடங்குகிறது. அதைப் பையன்கள் வீட்டில் படித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டு அருளப்பர் அடித்தல் என்ற வினையை எடுத்தார். சன்னலோரப் பையன் எழுந்து பிரம்பைக் கையில் வாங்கி, "வெர்பெரோ" என்று சொல்லி எதிரில் நிற்பவன் உள்ளங்கையில் ஒன்று போட வேண்டும். சுவரோரப் பையன் அதை வாங்கிக்கொண்டு, "வெர்பெரோர்" என்று பிழையில்லாமல் சொல்ல வேண்டும். பிறகு நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள். நிகழ்காலம் முடிந்ததும் இறந்தகாலம், அப்புறம் எதிர்காலம். எதிர்காலத்துக்கான அடியும் உடனேயே விழுந்தது.

ஒரு நாள் இதைப் பற்றி அவரிடம் கேட்டேன். என் பையன்கள் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு நடுவில் லத்தீன் சொல்கிறார்கள் என்று தொடங்கினேன்.

"கணக்கு சார், லத்தீன் வாயால வராது. கையாலதான் வரும்" என்றார்.

"இரண்டு பெஞ்சையும் ஒரு நாள் மாற்றிப் பார்க்கலாமே."

"வினைன்னா ரெண்டு பேரு வேணும் சார். ஒருத்தன் செய்யணும், ஒருத்தன் வாங்கணும். யாரு எதுன்னு பொறந்தப்பவே முடிவாயிடுச்சி. நான் யாரு மாத்தறதுக்கு?"

தலைமையாசிரியரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, என் வகுப்பில் பின்னம் எதுவரை வந்திருக்கிறது என்று விசாரித்தார்.

சுவரோர பெஞ்சில் மரியசூசை என்று ஒரு பையன் இருந்தான். காணைப் பக்கத்துச் சேரி; பள்ளி விடுதியில் தங்கிப் படித்தான். தகப்பன் அந்தோணி கரும்பு வெட்டும் கூலி. அறுவடை இல்லாத நாளாகப் பார்த்து விழுப்புரம் வரை நடந்து, அங்கே ரயில் பிடித்து, மகனைப் பார்க்க வருவார். லத்தீன் வாத்தியாரிடம் பேச அவருக்குப் பயம். என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார்.

"இன்னா சார், புள்ளை கை இப்பிடி வீங்கிக் கெடக்குது? மாடு கீடு மிதிச்சிடுச்சா?"

"லத்தீன்" என்றேன்.

"அவ்ளோ கஷ்டமா சார் அது?"

"அந்த பெஞ்சில் கஷ்டம்."

அவர் தம் உள்ளங்கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கரும்புச் சோகை கிழித்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. "பரவால்லீங்க. இதுக்கு அது எவ்ளோவோ தேவலை. எங்க ஊருக் கோயில்ல நாங்க எப்பவுமே கடைசிங்க சார். நன்மை வாங்கறதுகூட ஊருக்காரங்க எல்லாரும் வாங்கினப்புறம்தான். எம் புள்ளை சாமியாரா வந்து நின்னுட்டான்னு வைங்க, அவன் கையாலதான எல்லாரும் வாங்கணும்? முன்னாடி யாரு, பின்னாடி யாருன்னு அவன்தான சொல்லணும்?"

நன்மை என்று அவர் சொன்னது பூசையில் குருவானவர் நாவில் வைக்கும் அப்பத்தை. அவருக்கு மகனிடம் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு பையனைத்தான் பாண்டிச்சேரிக்கு அனுப்புவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த ஒருவனைத் தேர்ந்தெடுக்கப் பாண்டிச்சேரியிலிருந்து வயதான வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் வந்தார். ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு முந்தின வருஷங்கள் அவை. என் பையன்களுக்கு ஒரு நீண்ட வகுத்தல் கணக்கைக் கொடுத்துவிட்டு நான் தட்டியின் ஓட்டைக்குப் போனேன். செய்வினை பெஞ்சின் தலைமாட்டில் செல்வநாதன் பிரம்போடு உட்கார்ந்திருந்தான். பள்ளிக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர் அவனுடைய தகப்பனார். எதிரில் மரியசூசை.

சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மரியசூசையைப் பார்த்தார். "தம்பி, நீ எழுந்திரு. அடித்தல் என்ற வினை. நிகழ்காலம், செய்வினையில் சொல்."

அருளப்பர் பதறிப்போய் முன்னால் வந்தார். "சாமி, அவன் அந்தப் பக்கமுங்க. அவனுக்கு செயப்பாட்டுவினைதான் பாடம்."

"எந்தப் பக்கம்?" சாமியார் இரண்டு பக்கமும் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. "பையன் சொல்லட்டும். தினமும் வகுப்பில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே, ஒன்றும் குறையாமல்."

இங்கேதான் மரியசூசை அந்தத் தவற்றைச் செய்தான். அருளப்பரிடம் மட்டுமே லத்தீன் படித்த ஒருவனைத் தவிர உலகில் வேறு யாரும் அதைச் செய்திருக்க முடியாது. அடியும் வினைத்திரிபில் சேர்ந்தது என்று அவன் நம்பியிருந்தான். அடியை விட்டுவிட்டுச் சொன்னால் பாதி பதில் ஆகிவிடும், மதிப்பெண் போய்விடும் என்று நினைத்தான். நேராக எதிர் பெஞ்சுக்குப் போய், செல்வநாதன் கையிலிருந்த பிரம்பை மரியாதையாக வாங்கிக்கொண்டான்.

"கையை நீட்டுங்க" என்றான்.

"டேய், இன்னாடா பண்ற? எங்கப்பா வெளிய வண்டியில குந்திக்கினு இருக்காருடா!"

"நீட்டு, தம்பி" என்றார் சாமியார், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

செல்வநாதன் நீட்டினான். வெர்பெரோ. வெர்பெராஸ். வெர்பெராத். மரியசூசை ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக, வால் சிதையாமல் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் உரிய அடியைக் கூட்டாமல் குறைக்காமல் கொடுத்தான். அவனுக்கு அளவு தெரியும். வெர்பெராமுஸ், வெர்பெராத்திஸ், வெர்பெரான்த். எதிர் பக்கத்திலிருந்து வரவேண்டிய வெர்பெரோர் வரவேயில்லை. "ஐயோ, அம்மா" என்ற பதில்தான் வந்தது. அது எந்தக் காலம், எந்த இடம் என்று சாமியார் கேட்டார். செல்வநாதனுக்குத் தெரியவில்லை. பிரம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மரியசூசை தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

சாமியார் மிகவும் மகிழ்ந்துபோனார். இவ்வளவு உயிருள்ள போதனை முறையைத் தம் நாட்டில்கூடப் பார்த்ததில்லை என்று அருளப்பரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லத்தீனில் முதல் இடம் மரியசூசைக்கு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நடத்தையைப் பற்றி மட்டும் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும், அது வழக்கம் என்றும் சொன்னார்.

அருளப்பர் சொன்னார். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு நன்றாகவே கேட்டது. "சாமி, கண்ணால பாத்தீங்களே. கூடப் படிக்கிறவன் மேல கை ஓங்கின பயல். இவனைப் பலிபீடத்துல எப்பிடி நிறுத்தறது?"

சாமியார் புத்தகத்தை மூடினார். பிறகு அடுத்த பெயர் என்ன என்று கேட்டார்.

முடிவைக் கேட்க அந்தோணி மறுநாள் வந்தார். அன்றுதான் அவர் முதல்முறையாக என் வாசலைத் தாண்டி அந்த வாசலுக்குப் போனார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"பையன் நல்லா சொன்னான்னு சொல்றாங்களே சார்."

"சொன்னான். சொல்லிட்டு அடிச்சான்."

"நீங்க சொல்லிக்குடுத்ததத்தானங்க சார் செஞ்சான்?"

"நான் சொல்லிக்குடுத்தது செல்வநாதனுக்கு" என்றார் அருளப்பர். "உம்புள்ளை எதுக்க நின்னு கேட்டுக்கினு இருந்தான். அவ்ளோதான்."

அந்தோணி துண்டைச் சும்மாடாகச் சுற்றினார். மகனுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். மரியசூசை பின்னால் போனான். பெட்டியைத் தான் வாங்கிக்கொள்வதாக அவன் சொல்லிக்கொண்டே போனது கேட்டது. தகப்பன் கொடுக்கவில்லை.

மலரைப் படிக்கப்போகும் பழைய மாணவர்கள், இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பார்கள். செய்வினை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அவர்களுக்கு அருளப்பர் நல்ல ஆசிரியர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் வேறு அஞ்சலிகள் எழுதியிருப்பார்கள். நான் எழுதக்கூடியது இது. இதைத் திருத்திப் போடுவதாக இருந்தால் போடவே வேண்டாம் என்று ராயப்பனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அருளப்பரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை இரண்டு. ஒன்று, தட்டி வழியாக வந்து சேர்ந்த லத்தீன். கணக்கு வாத்தியாருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்றாலும், எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. மற்றது அவர்மேல் உள்ள கோபம். அதுவும் நல்ல நிலையில் இருக்கிறது. செய்தி வந்த அன்று எடுத்துப் பார்த்தேன், துரு ஏறவில்லை.

மரியசூசை விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சினுக்குக் கரி போடுகிறார். செல்வநாதன் சென்ற ஆண்டு குருப்பட்டம் பெற்றார்; காணைப் பக்கத்துக் கோயில்கள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. அந்தோணி ஞாயிற்றுக்கிழமைகளில், ஊர்க்காரர்கள் எல்லோரும் வாங்கிய பிறகு, அவரிடம் நன்மை வாங்குகிறார்.