எங்கள் தெருவின் அறுபது வயது

என் அம்மா அறுபது வயதில் முதுமையால் இறந்தாள் என்று ஒரு பதிவேட்டில் எழுதியிருக்கிறது. வயதும் பொய், முதுமையும் பொய். நாற்பத்து மூன்று வயதில், கன்னத்தில் ஓட்டை விழுந்து, குடித்த கஞ்சி அந்த ஓட்டை வழியாகவே ஒழுகி, பட்டினியாகக் கிடந்து செத்தாள். அந்தப் பதிவேட்டை வேலை நிமித்தமாக நானே பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது. அன்று வந்த கோபத்தை நான் ஆறவிடவில்லை.

தஞ்சாவூர் மாவட்டத்தை வெட்டி வெட்டிப் புதுப் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். புற்றுநோய்ப் பதிவேட்டில் களப்பணியாளர் வேலை கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளை ஒரு பக்கம் குறித்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் செத்தவர்களும் உண்டே, அவர்களுக்காக ஊர் ஊராகப் போய்ச் சாவுப் பதிவேட்டைப் பிரதி எடுப்போம். எந்த ஊரில் என்ன புற்று என்று தெரிந்தால்தான் பரிசோதனை முகாமை எங்கே போடுவது என்று முடிவாகும்.

எல்லாச் சாவு வீட்டுக்கும் போக ஆள் ஏது? அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள். அறுபதுக்குக் கீழே, டாக்டர் சான்று இல்லாமல் செத்திருந்தால் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். அறுபதோ அதற்கு மேலோ ஆகி, காரணம் முதுமை என்று இருந்தால் விட்டுவிடலாம். காகிதத்தில் பார்த்தால் நியாயமான விதிதான்.

எங்கள் ஊர்ப் பதிவேடு என் கைக்கு வந்தது. மிராசு வீடுகள் இருந்த பெரிய தெருவில் ஒருவர் எழுபத்து மூன்று வயதில் மாரடைப்பில் போயிருந்தார். இன்னொரு அம்மாள் ஐம்பத்தெட்டில் சிறுநீரகக் கோளாறில். நிலம் இருந்தால் பட்டா மாற்ற வேண்டும், வாரிசுச் சான்று வேண்டும். சாவைச் சரியாக எழுத ஆயிரம் காரணம் உண்டு. எங்கள் தெருப் பக்கம் வந்தேன். அறுபது, முதுமை. அறுபது, முதுமை. அறுபது, முதுமை. நாலாவது வரியில் அம்மாவின் பெயர். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"என்ன சார், எங்க தெருவுல எல்லாரும் பேசி வச்சுக்கிட்டு அறுபதுலயா சாவுறாங்க?" என்று கிராம அலுவலரைக் கேட்டேன்.

அவர் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை. "அது குத்துமதிப்பா போடறதும்மா. தலையாரி வந்து சொல்றாரு, எழுதிக்கிறோம். வயசு அவங்களுக்கே தெரியாதே, நாங்க என்ன பண்றது?"

"தெரியலன்னு எழுதலாம்ல?"

"தெரியலன்னு எழுதுனா மேலேருந்து திருப்பி அனுப்புவாங்க." டீ குடிக்கிறீங்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

செத்தவர்களோடு முடிந்திருந்தால் வயிறெரிந்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் சின்னம்மா இருந்தாள். அம்மாவின் தங்கை, அம்மா போன பிறகு எனக்கு எல்லாமும் அவள்தான். நடவில் இறங்கினால் பசி தெரியாமலிருக்க எங்கள் தெருப் பெண்கள் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். கூலியில் அரை மரக்கால் நெல் ஏற்ற ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது. வெற்றிலையும் புகையிலையும் மட்டும் கேட்காமலே வரப்புக்கு வந்தன. சின்னம்மா சிரிக்கும்போது அவள் இடக் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்தேன். வாய்ப்புற்றின் தொடக்கம் என்று பயிற்சியில் எங்களுக்குக் காட்டிய முதல் படமே அதுதான்.

"தஞ்சாவூருக்கு வா, காட்டிட்டு வந்துரலாம்" என்று கெஞ்சினேன்.

"நடவு நேரத்துல ஆஸ்பத்திரியில போயி குந்தச் சொல்றியா? டாக்டரு இங்க வரட்டும், காட்டுறேன். போடி."

டாக்டர் இங்கே வரவேண்டுமென்றால் எங்கள் ஊர் முகாம் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் வரவேண்டுமென்றால் எங்கள் தெருவில் புற்றுநோய்ச் சாவு இருக்க வேண்டும். எங்களுக்கோ முதுமையைத் தவிர வேறு நோயே கிடையாது. பட்டியல் அந்த மாதக் கடைசியில் முடிவாகிறது என்று சின்னம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்.

"எங்கக்காவுக்கு அறுபதா? எவன் எழுதுனான்?"

எழுந்து போய், பரண் மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினாள். உள்ளே மடித்து மடித்துத் துணி போலாகியிருந்த காகிதக் கட்டு. கோர்ட்டில் கொடுத்த குற்றப்பத்திரிகை நகல். அறுபத்தேழு, கோட்டையில் ஆட்சி மாறியிருந்த புதிது. கூலி ஏற்றிக் கேட்டதற்கு மிராசுகள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்தபோது, எங்கள் தெருப் பெண்கள் வயலில் இறங்கி மறித்த வழக்கு. அத்துமீறி நுழைந்தது, கூட்டம் கூடியது, இன்னும் என்னென்னவோ. கீழே வரிசையாகப் பெண்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயது. அம்மாவுக்கு இருபது. சின்னம்மாவுக்குப் பதினெட்டு.

"எனக்குப் பதினெட்டு ஆயிருச்சான்னு அவனுங்களுக்குச் சந்தேகம். ஜெயிலு டாக்டரு வாயைத் தொறக்கச் சொல்லி, கடைவாப் பல்லைப் பாத்துட்டுத்தான் எழுதுனாரு" என்றாள். "என் வாயைப் பாத்த ஒரே டாக்டரு அவருதான்."

அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு மறுநாளே ஆபீஸுக்குப் போனேன். எங்கள் தலைமை டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"போலீஸ் பேப்பரை வச்சு வயசைத் தீர்மானிக்கச் சொல்றியா?"

"மேடம், இவங்க வயசைச் சர்க்கார் ஒரே ஒரு தடவைதான் அக்கறையா விசாரிச்சிருக்கு. உள்ள தள்ளணும்னு. அதை நம்பலாம்."

குரல் உயர்ந்துவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றேன். அவர் வெகுநேரம் அந்தப் பெயர்களையே படித்துக்கொண்டிருந்தார். பிறகு, சாவுப் பதிவேட்டைத் திருத்த நமக்கு அதிகாரமில்லை, ஆனால் நம் விதிப்படி இவர்களெல்லாம் அறுபதுக்குக் கீழே, போய் விசாரித்து வா என்றார். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

குற்றப்பத்திரிகையில் இருந்தவர்களில் பதினொரு பேர் அறுபதாக எழுதப்பட்டுச் செத்திருந்தார்கள். பதினொரு வீட்டுக்கும் போனேன். என்ன வியாதி என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். வீட்டில் பெண் இருக்கிறது, நாளைக்குச் சம்பந்தம் பேச வேண்டும். அதனால் கடைசியில் என்ன சாப்பிட்டாங்க என்று கேட்டேன். கஞ்சித் தண்ணி, பஞ்சில் நனைத்த பால், அப்புறம் அதுவும் இல்லை. எந்தப் பக்கம் வீக்கம் என்றேன். மகளும் மருமகளும் தனித்தனியே ஒரே கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்கள். ஏழு வீட்டில் இப்படி. அம்மாவுக்கான படிவத்தையும் நானே நிரப்பினேன். சாட்சியாகச் சின்னம்மாவும் என் தாய்மாமாவும் கைநாட்டு வைத்தார்கள். அன்று அழுதேன், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் பட்டியலில் வந்தது. பள்ளிக்கூடக் கட்டடத்தில் முகாம். முதல் ஆளாகச் சின்னம்மா வந்து உட்கார்ந்தாள். சீட்டு எழுதிய நர்ஸ், முகத்தைப் பார்த்துவிட்டு, "வயசு அறுபதுன்னு போட்டுக்கவா பாட்டி?" என்றாள்.

"நாப்பத்தி நாலு. அறுபதுன்னு எழுதுனே, எந்திரிச்சுப் போயிருவேன்."

நாற்பத்து நாலு என்று எழுதினார்கள். திட்டு புற்றாக மாறத் தொடங்கியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். நடவு போனதைப் பற்றி ஒரு மாதம் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். புகையிலையை விட்டதற்கும் சேர்த்து எனக்குத்தான் திட்டு.

பதினாறு வருஷம் கழித்து ஒரு சம்பா அறுவடை. குற்றப்பத்திரிகைக் கணக்குப்படி அந்த அறுவடையோடு அவளுக்கு அறுபது முடிகிறது என்று போய்ச் சொன்னேன். இடப் பக்கம் கொஞ்சம் ஒடுங்கிய கன்னத்தோடு சோறு தின்றுகொண்டிருந்தாள். குழம்பு இன்னும் ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"ஏண்டி, இப்பப் போயி அறுபதுன்னு எழுதிக்கச் சொல்லு அவனை."