அஞ்சலை கொண்டுவந்த மணல்

எதிர்வீட்டில் மாடி எடுக்கிறார்கள். நேற்று லாரியில் எம்-சாண்ட் வந்து இறங்கியது. காய்கறி வாங்கப் போன நான் ஒரு பிடி அள்ளி விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன். அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளை விடாத புத்தி அது. ஒவ்வொரு பொடியும் குத்தியது. பாறையை மெஷினில் உடைத்தது அல்லவா, தண்ணீரில் உருண்டதே இல்லை. இந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டியவள் அஞ்சலை. அவளைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை; உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளில் பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நாங்கள் எட்டாவது படித்தோம். என் அப்பாவுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. அவள் கடலோரப் பனித்திட்டிலிருந்து நடந்து வருவாள். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். பாறைகள் பாடம் வந்தபோது அறிவியல் சார் ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஊரிலோ ஏரியும் நெல்வயலும்தான். எங்கே தோண்டினாலும் களிமண். பையன்கள் ரோட்டு ஜல்லியைப் பொறுக்கி வந்தார்கள். நான் கடையிலிருந்த எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு போனேன். பேரிலேயே கல் இருக்கிறதே! “இது இரும்பும்மா” என்றார் சார். ஒரு வாரம் எனக்கு எடைக்கல் என்றே பேர்.

அஞ்சலை கொண்டுவந்தது ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே வெள்ளை மணல், அதன்மேல் மெல்லிய கறுப்பு, அப்புறம் சிவப்பு, மறுபடி வெள்ளை. கரையில் குழி தோண்டி, கண்ட வரிசையிலேயே அடைத்திருந்தாள்.

“கல்லு கேட்டா மண்ண கொண்டாந்திருக்க. மீன் நாத்தம் வேற. ஜன்னலுக்கு வெளிய வை” என்றார் சார்.

“எங்க கடலோரம் கல்லே கெடையாது சார். இதுதான் கீது.”

வகுப்பே சிரித்தது. நானும்தான். கேலி வேறு பக்கம் திரும்பிய நிம்மதி எனக்கு.

ஆனாலும் மத்தியானம் அவளிடம் போய், “அந்தக் கறுப்புக் கோடு இன்னாடி?” என்று கேட்டேன்.

“ஐப்பசில அலை பெருசா அடிக்கும்ல? லேசு மண்ண இழுத்துகினு பூடும். கனமானது தங்கிடும். அதான் கறுப்பு. அலை அடங்குனா வெள்ள மண்ணு வந்து மூடிடும். தோண்டிப் பாத்தா எந்த வருசம் பெருசா அடிச்சுதுன்னு சொல்லிடலாம்.” என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டித் தேய்த்தாள். “குத்துதா பாரு. அவ்ளோ தூரம் உருண்டு வந்துகீது.”

அடுத்த மாதம் பள்ளியைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். ஜன்னலுக்கு வெளியே கிடந்த பாட்டிலை சாரே கழுவித் துடைத்து, சீட்டு ஒட்டி, மேசைமேல் வைத்தார். “நீ விளக்கும்மா. உனக்குத்தான் பேச்சு தெளிவா வரும்” என்றார் என்னிடம். அஞ்சலை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னதையெல்லாம் நல்ல தமிழில் ஒப்பித்தேன். அதிகாரிக்கு மகிழ்ச்சி. “யார் செஞ்சது?” என்றார். சார் பாட்டிலில் ஒட்டிய சீட்டைத் தடவிச் சரிசெய்தார்.

“நான்தான் சார்” என்றேன்.

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஒரு பேனா பரிசு கிடைத்தது. பொங்கல் லீவுக்குப் பிறகு அஞ்சலை வரவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்களைப் பாதியில் நிறுத்திவிடுவது வழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வசதியான காரணம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாகூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன், மீன்கூடையோடு. அவளேதான் கூப்பிட்டாள்.

“டீச்சராயிட்டியாமே? அன்னிக்கே நல்லா பேசின. ஆனா செவப்பு மண்ண பத்தி ஒண்ணுமே சொல்லல.”

“அது என்னன்னு நீ எனக்குச் சொல்லலியே அஞ்சல.”

“ஆமா. அத நான் சொல்லலாம்னு வச்சிருந்தேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னாள். மன்னிப்பு தொண்டைவரை வந்தது, பஸ்ஸும் வந்தது. நான் பஸ்ஸைத்தான் பிடித்தேன்.

போன வருஷம் பனித்திட்டுக்குப் போயிருந்தேன். கரை சுருங்கிவிட்டது. ஒருகாலத்தில் படகுகளை ஏற்றி வைத்த இடத்தில் அலை அடிக்கிறது. சுனாமிக்குப் பிறகு பல குடும்பங்கள் ஊரைவிட்டே போய்விட்டனவாம். அஞ்சலை எங்கே என்று வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தேன்.

“எந்த அஞ்சல?” என்றார்.

அதற்குமேல் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.