ஏழு கிண்ணத் தண்ணீர்

ஜங்லிகாட்டில் எங்கள் மாடி அறையில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு திபெத்தியர் குடியிருந்தார். யாருக்கும் குளிராத இந்தத் தீவில் அவர் விற்றது ஸ்வெட்டர். மெயின்லேண்டில் குளிர் ஊர்களுக்குச் சுற்றுலா போகிற சர்க்கார் ஊழியர்கள் வாங்குவார்கள். சுருங்கிய முகம். எந்த வெக்கையிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றமாட்டார். மதுரைத் தெருக்களில் விற்றுப் பழகியதில் தமிழ் பேசுவார்; எங்கள் அப்பா சிலோனிலிருந்து வந்த கதையும் அவருக்குத் தெரியும்.

தினமும் காலையில் ஏழு பித்தளைக் கிண்ணங்களில் தண்ணீர் நிரப்பிப் புத்தர் படத்தின் முன் வரிசையாக வைப்பார். சாயங்காலம் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கிண்ணங்களைத் துடைத்துக் கவிழ்ப்பார். மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் எனக்கு அது பொறுக்கவில்லை.

"பையா, குடிக்கவே தண்ணி இல்ல. இதெல்லாம் இங்க வேணுமா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். இந்த ஊர் இந்தியில் அண்ணன் பையா, அக்கா தீதி.

"என் குடிதண்ணியிலதான் எடுக்கிறேன், தீதி."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பேச்சை மாற்ற, "திபெத்துக்கு விடுதலை கிடைச்சா போயிடுவீங்களா?" என்றேன்.

"போறது அப்புறம். உங்களுக்கு என்ன வேணும்னு எங்களை ஒரு தடவை கேக்கணும். யாரும் கேக்கலையே." கிண்ணத்தைத் துடைத்தபடியே, "சிலோன் தோட்டத்திலேர்ந்து அனுப்பினப்போ உங்க அப்பாவைக் கேட்டாங்களா?" என்றார்.

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். அந்த மாசியிலேயே அவர் கப்பலேறினார்.

இப்போதும் குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டால் அந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. இரண்டு சர்க்கார்கள் பேசி முடித்து அனுப்பிய அப்பா, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலேயே செத்துப்போனார். எங்கே இருக்க ஆசை என்று அவரை யாரும் கேட்டதில்லை.

நானும் கேட்டதில்லை.