கிளிக்கம்மா பெரிதாக்கிய புண்

அந்த மருத்துவமனையில் எந்நேரமும் கேமராவும் கிளிக் சத்தமுமாகத் திரியும் அவளை எல்லோரும் கிளிக்கம்மா என்பார்கள். ஆறாத புண்களை வாராவாரம் படமெடுத்து வெளியூர் சர்ஜனுக்கு அனுப்புவது அவள் வேலை. புண் படமானாலும் அழகாக வரவேண்டும் அவளுக்கு! பக்கத்தில் வைக்கிற அளவுகோல் படத்தைக் கெடுக்கிறதென்று எடுத்துவிட்டாள். “ஜூமை ஒரே நம்பர்ல வெச்சா அளவு எங்க மாறப்போகுது?” என்று நர்ஸின் வாயை அடைத்தாள்.

மருத்துவமனை கொடுத்த லென்ஸில் ஜூம் கிடையாது. முகத்துக்கும் முதுகுக்கும் பாதத்துக்கும் ஸ்டாண்டை ஏற்றி இறக்கவேண்டும். அதற்குச் சோம்பல்பட்டுத் தன் சொந்த ஜூம் லென்ஸை மாட்டினாள். எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்று பீற்றல் வேறு. அந்த வகை லென்ஸில் முன்னால் நீளுகிற குழல் கனம்; அது நீள நீளப் படம் பெரிதாகும். சுலபமாகத் திரும்பவேண்டுமென்று இறுக்கமும் குறைவாகத்தான் வைப்பார்கள். நாளாக ஆக இன்னும் இளகும்.

பஸ் ஓட்டுநர் ஒருவர் கால்விரல் புண்ணுக்காக வந்துகொண்டிருந்தார். படத்துக்குப் படம் புண் பெரிதாகிறது, விரலை எடுத்துவிடலாம் என்று சர்ஜன் எழுதிவிட்டார்.

ஆபரேஷனுக்கு முன் கடைசிப் படம். கேமராவைத் தரை பார்க்கத் திருப்பி, ஜூமை வைத்துவிட்டு, பாதத்தை நேராக்கக் குனிந்தாள். நிமிர்ந்தால், முன்குழல் தன் கனத்திலேயே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. திரையில் புண் கண்ணெதிரே வளர்ந்தது.

குழலை விரலால் பிடித்துக்கொண்டு எடுத்தால் புண் சிறுத்துத் தெரியும். எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், அவள் செய்த தப்பு ஒருவருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததற்கே உடம்பு கூசியது.

“அண்ணே, புண்ணு வளர்ந்துச்சா இல்லையான்னு என் படத்த வெச்சு சொல்லவே முடியாது. லென்ஸ் தானா இறங்கிப் பெருசாக் காட்டியிருக்கு. தப்பு என்மேலதான்.”

ஓட்டுநர் சிரித்துவிட்டார். “அப்ப இந்த விரல்கிட்ட நான் அழுது விடைபெத்துக்கிட்டதெல்லாம் வேஸ்ட்டா?”

அவர் மனைவி சிரிக்கவில்லை. “இவரு சரியாத் தூங்கியே எத்தன நாளாச்சு தெரியுமா?” என்றாள். கிளிக்கம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அங்கேயே நின்று சர்ஜனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆபரேஷன் நிற்கட்டும், ஒழுங்காக எடுத்து அனுப்புங்கள் என்றார் அவர். மருத்துவமனை கொடுத்த பழைய லென்ஸை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

மனைவி கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். “சிஸ்டர், படத்த நீங்களே எடுத்துடுங்களேன்,” என்றாள் நர்ஸிடம்.

“ஏய், அவங்கதான் இருக்காங்களே,” என்றார் ஓட்டுநர், சங்கடத்தோடு.

மனைவி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கிளிக்கம்மா கேமராவை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.