மூக்குத்தியைத் தொடாத நாண்

தொண்ணூறுகளில் கோவையில் மாவட்ட வில்வித்தை அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்களிடம் இருந்தது வெறும் மூங்கில் வில். அம்பைத் தாங்க அதில் எதுவும் கிடையாது; வில்லைப் பிடித்த கையின் மேல்தான் அம்பு உட்கார வேண்டும். கடைசி இடத்துக்கு நானும், கருமத்தம்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் சமமாக நின்றோம். ஆளுக்கு ஓர் அம்பில் முடிவு.

அவர் உயரமானவர், நல்ல கறுப்பு, வலப்பக்கம் ஒற்றைக்கல் மூக்குத்தி. வில்லை வலப்புறம் சாய்த்துப் பிடித்து, நாண் மூக்குத்தியைத் தொட்ட பிறகே அம்பை விடுவார். காலையிலிருந்து ஒருமுறைகூட அது தவறவில்லை.

முதலில் என் முறை. வில்லை நேராக நிறுத்தினேன். நாணை இழுத்த அவசரத்தில் அம்பு சரிந்து விழுந்தது. எடுத்து வைத்தேன், மறுபடியும் விழுந்தது. இன்னொரு முறை விழுந்தால் வாய்ப்பு போய்விடும் என்றார் நடுவர்.

"ஏனுங்க, என்னையாட்டச் சாச்சுப் புடிங்க. அம்பு கையிலயே உக்காந்துக்கும்" என்றார் அவர்.

போட்டிக்கு நிற்பவர் சொல்வதை நம்புவதா? "எனக்கெதுக்குங்க சொல்றீங்க?" என்றேன்.

"நீங்க படற பாட்டப் பாத்து எனக்குக் கை உதறுதுங்க."

சாய்த்தேன். அம்பு அசையவில்லை. விட்டேன், இலக்கின் நடுவே இருந்த மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் தைத்தது.

அடுத்து அவர். வில் நேராக நின்றது. நாண் மூக்குத்தியைத் தொடும் முன்பே விட்டுவிட்டார். அம்பு இலக்குக்குக் கீழே மண்ணில் குத்தியது.

"நீங்க ஏனுங்க சாய்க்கல?" என்று கேட்டேன்.

"உங்களையே பாத்துட்டு இருந்தனா, கை மறந்துபோச்சுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேனுங்க."

காலை முழுவதும் நான் பார்த்த கை அது. மறக்கிற கை இல்லை.