சின்னம்மாவின் தண்ணீர்க் குரங்கு

நம் முன்னோர்கள் மரத்தைவிட்டு இறங்கி நேராகத் தரைக்கு வந்துவிடவில்லை, நடுவில் கொஞ்ச காலம் தண்ணீருக்குள் கிடந்தார்கள் என்றொரு கட்சி உண்டு. அறிஞர்களில் பெரும்பாலோர் அதை ஏற்பதில்லையாம். எங்கள் குடும்பத்தில் அதை நிராகரிக்க என் மாமா ஒருவரே போதுமானவராக இருந்தார்.

மாமா போடியில் ஏலக்காய் வியாபாரி. அவருடைய தங்கையான என் சின்னம்மா மதுரையில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் நிச்சயமானதும் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மாமா தன் கூட்டாளிகளையும் எங்களையும் ஒரே ஜீப்பில் அடைத்துக் குரங்கணி ஆற்றுக்குக் கூட்டிப்போனார். ஆண்கள் குளிப்பார்கள், பெண்கள் பாறையில் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளைக் காவல் காப்பார்கள்.

"நானும் ஒரு முங்கு முங்கிட்டு வர்றேண்ணே. போற வீட்டுல குழாத் தண்ணிதான்."

சின்ன வயதில் அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததே மாமாதான். "கல்யாணப் பொண்ணு. ஆம்பளைக பூரா நிக்கிறாங்க. பேசாம உக்காரு ஆத்தா."

"மனுசனே தண்ணியில கெடந்தவந்தாண்ணே. குரங்குக்கு உடம்பு பூரா முடி. நமக்கு இருக்கா?"

மாமா சட்டையைக் கழற்றியிருந்தார். அவருடைய மார்பைப் பார்த்ததும் அந்த வாதம் அங்கேயே செத்தது.

"சரி, தோலுக்கடியில கொழுப்பு இருக்குல்ல? குளிராம இருக்கத்தான் அது."

"என் தொப்பையப் பாத்துப் பேசாத. நீர்நாய்க்கு உடம்பு பூரா முடி. அதென்ன கரையிலயா கெடக்கு?"

சின்னம்மாவுக்குக் கண் நிறைந்தது. கண்ணீரையும் அந்தக் கட்சி ஒரு சான்றாகக் காட்டுவதைப் பிற்பாடு படித்தேன்.

மாமா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். திடீரென்று கத்தினார்: "மாப்ளே, வெரசா வாங்கய்யா! மேல மரத்துல கருமந்தி நிக்கிது. நம்ம ஆதித் தகப்பனக் காட்டுறேன்!"

கூட்டாளிகளை மேட்டுக்கு ஓட்டிப்போய், ஆற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தி, ஒரு மரத்தைச் சுட்டி வாலில் தொடங்கி விளக்கினார். நானும் கூடவே ஓடினேன்.

"மந்தி எங்க மாமா?"

தொடையில் கிள்ளு விழுந்தது. பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினேன்.

"மாமா, சின்னம்மா தண்ணிக்குள்ள..."

அவர் கை என் வாயை மூடியது. குரல் மட்டும் இன்னும் உயர்ந்தது. கூட்டாளிகள் கொட்டாவி விடும்வரை மனிதகுலம் மரத்தைவிட்டு இறங்கவேயில்லை.

திரும்பும்போது மாமாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு, தலையில் ஈரம் சொட்ட, சின்னம்மா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். மாமா வெளியே பார்த்தபடி இருந்தார். எனக்கோ தொடை எரிந்தது. மாமா புளுகர் என்று முடிவுகட்டினேன். வாதத்தில் ஜெயித்தவர் எதற்காக இல்லாத குரங்கை மரத்தில் ஏற்ற வேண்டும் என்று யோசிக்க எனக்கு அப்போது வயது போதவில்லை.